உலகம்மாள் படித்த சோறு

உலகம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் எங்கள் கடை வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே எலுமிச்சை மண்டியின் நீளச் சுவரில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் போர்டை மேலிருந்து கீழ்வரைக்கும் படித்து முடித்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. செம்பை எடுக்க உள்ளே போனேன்.

புளியங்குடி மண்டித் தெருவில் எங்களுக்கு வீடும் ஃபிளெக்ஸ் டிசைன் கடையும் ஒன்றுதான். முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் அடுப்பு, நடுவில் ஒரு பூப்போட்ட திரை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் அது முதலில் எங்கள் முன்னறையில் நடந்துவிட்டுத்தான் தெருவுக்குப் போகும். எழுத்தை அடிப்பது என் மனைவி உலகம்மாள். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், விரலைப் பார்க்காமல் அடிப்பாள், அடித்து முடித்ததும் உதடு அசைய ஒரு தடவை படித்துப் பார்ப்பாள். அந்த எழுத்துக்கு அலங்காரம் பண்ணுவது நான். அதற்கு முன்னால் எதிரே மண்டியில் எலுமிச்சை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவன். போட்டோஷாப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாக அழுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்து, பிடித்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். அதிலுள்ள இங்கிலீஷ் பெயர்களில் பாதி எனக்கு இன்றைக்கும் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று தெரியும், கரண்டு போன சொந்த வீட்டில் நடப்பதுபோல.

ஊரில் ஓட்டல்களும் லாலா மிட்டாய்க் கடைகளும் பெருகிய காலம் அது. எல்லோருக்கும் தங்கள் பெயர் தங்கள் பண்டத்தாலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. பண்டத்தை வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அந்தப் படத்தை எழுத்தின் வடிவத்துக்குள் அடைத்து, ஓரங்களைக் கொஞ்சம் உப்பவைத்து, இடது மேல்பக்கத்தில் நெய் மினுங்குவதுபோல ஒரு வெளிச்சம் கொடுத்து, அடியில் நிழல் போட்டால், எழுத்து தட்டில் வைத்ததுபோல உட்கார்ந்துவிடும். தமிழ் எழுத்துகளில் சில இதற்கென்றே பிறந்தவை. ஜி, ஞ, ழ எல்லாம் மறுபேச்சில்லாமல் ஜிலேபியாகச் சுற்றிக்கொள்ளும். ட மட்டும் முரண்டு பிடிக்கும், அதை மைசூர்பாகாக வெட்டித்தான் சமாளிக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும், போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அதற்கு மேல் அந்த எழுத்துகளில் அப்போது ஒன்றும் இல்லை.

அப்படியிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் உலகம்மாளுக்குத் தொண்டைக்குக் கீழே சோறு நின்றது. முதலில் சோறு, பிறகு இட்லி, பிறகு தண்ணீர். திருநெல்வேலியில் உணவுக்குழாயில் கட்டி என்றார்கள், அறுத்தார்கள், வயிற்றில் ஒரு ரப்பர் குழாய் வைத்து அனுப்பினார்கள். வடிகஞ்சியும் பாலும் டாக்டர் எழுதித் தந்த மாவுக் கரைசலும் அந்தக் குழாய் வழியாக நேராக வயிற்றுக்குப் போகும். நான்தான் ஊற்றுவேன். ஊற்றும்போது அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்குத் தெரியாம எனக்குள்ள போவுது" என்பாள், பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல.

பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது. கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்து போட்டோம். தெம்பு இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பாள், இல்லாத நேரத்தில் படுத்தபடியே கம்ப்யூட்டர் திரையில் நான் செய்வதைப் படித்துக்கொண்டிருப்பாள். மண்டியில் எலுமிச்சை தரம் பிரிக்கும் பேச்சிக்கனி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பாள். அப்படி ஒருநாள், எங்கள் பக்கத்தில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்பதை அவளும் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"சாப்ட்டீளா மதினி?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் மழையைப் பற்றிக் கேட்டார்கள், எலுமிச்சை விலையைப் பற்றிக் கேட்டார்கள், வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டார்கள். அதை மட்டும் கேட்கவில்லை. எங்கள் வாசலில் ஒருவருக்கொருவர் கூடக் கேட்டுக்கொள்ளாமல் தெரு முனைக்குப் போய்க் கேட்டுக்கொண்டார்கள்.

"ஊர்ல நாய்க்குட்டியக் கூடக் கேக்காங்க, சாப்ட்டியான்னு. என்னைய மட்டும் கேக்கமாட்டேங்காங்க" என்றாள் உலகம்மாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரு தடவை, பொய் சொல்லாம, சாப்ட்டேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஒரு வாயாவது இறங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் முடியாது என்று தலையசைத்தார்.

பஸ் ஸ்டாண்டு எதிரே பரோட்டாக் கடை வைத்திருக்கும் செய்யது பட்டாணி, ஊரெல்லாம் பட்டாணி பாய் என்று கூப்பிடும் மனிதர், புதுப் போர்டு கேட்டு வந்தது அதற்குப் பிறகுதான். சால்னா என்ற சொல்லைச் சால்னாவாலேயே எழுத வேண்டும் என்றார், ஒரு தூக்குவாளியில் அதைக் கொடுத்தும் அனுப்பினார். மற்ற வேலைகளைப் போலவே அதையும் செய்தேன், மேலே மிதக்கும் எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட்டேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உலகம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. படித்து முடித்துவிட்டு, நாக்கை ஒரு தடவை அண்ணத்தில் தட்டினாள்.

"உப்பு கம்மியா இருக்கு" என்றாள்.

நானும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். உண்மைதான், கம்மியாகத்தான் இருந்தது.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் உப்பு ஏறுகிறது என்பதை அன்றைக்கே கண்டுபிடித்தோம். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டினால் காரம். மினுக்கம் நெய்யாகவோ எண்ணெயாகவோ ஆகும். நிழலை நீட்டினால் பண்டம் ஆறிப்போகும், ரொம்ப நீட்டினால் ஊசிப்போகும். "இன்னும் ஒரு கிள்ளு" என்பாள், நான் நகர்த்துவேன். "போதும், போதும், கரிக்கப் போவுது" என்பாள், பின்னுக்கு இழுப்பேன்.

"இத்தனை வருசத்துல அடுப்புப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன், இப்ப மவுசைப் புடிச்சுச் சமைக்கியளாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அறுவைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போர்டு பாய் கடை நெற்றியில் ஏறியது. ராஜபாளையம் பஸ் வந்து நின்றால் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். லாலா கடைக்காரர் அல்வா போர்டு கேட்டு வந்தார், பழக்கடைக்காரர் பலாச்சுளை கேட்டார். பேக்கரிக்காரர் தன் மகளின் பிறந்தநாள் போர்டில் அவள் பெயரைக் கேக்கால் எழுதச் சொன்னார், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்தப் பெண்ணின் பெயரை ஒரு வாரம் பாராயணம் பண்ணிக்கொண்டு திரிந்தன. இது எப்படி என்று எங்கள் ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

சங்கரநயினார் வாத்தியார் சுத்த சைவம். ஆனால் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர், கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் விட முடியாதவர். பாய் கடையில் மட்டன் சுக்கா என்று அடுத்த போர்டு ஏறிய காலையில், சுதாரிப்பதற்குள் முழுவதையும் படித்துவிட்டார். நேராக வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்த இடம் வந்தால் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். குடையைச் சாய்க்கிறவர் நடையை ஏன் மெதுவாக்குகிறார் என்று அவர் மனைவி எங்கள் கடைக்கு வந்து உலகம்மாளிடம் கேட்டாள், இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். ரம்ஜான் வந்தபோது பாய்க்குக் கவலை வந்தது. நோன்பு வைத்தவர்கள் அந்தப் பக்கம் போனால் என்ன செய்வது என்று பள்ளிவாசலில் போய்க் கேட்டார். ஹஜ்ரத், ஒரு திரை தைத்துப் போட்டுவிட்டால் கேள்வியே எழாதே என்றாராம். அந்த மாதம் முழுவதும் போர்டு பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது, பாங்கு சொன்ன பிறகு பாயே கயிற்றை இழுத்துத் திறந்தார். சர்க்கரை நோயாளிகள் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் கூடவில்லை. அதிலிருந்து அவர்கள் காலை நடையைக் குளத்தங்கரையிலிருந்து லாலா கடைத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள், அல்வா என்ற சொல்லை நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள்.

கஷ்டப்பட்டவர்கள் படிக்கத் தெரியாதவர்கள்தான். படித்தால்தான் ருசி. வெறுமனே பார்த்தால் அது படம். பக்கத்தில் நின்று ஒருவர் வாசித்துக் காட்டினாலும் பலனில்லை, ஒருவர் மென்று இன்னொருவர் விழுங்க முடியாதல்லவா? எலுமிச்சை தரம் பிரிக்கும் பெண்கள் இதைப் பேச்சிக்கனி தலைமையில் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாத்தியாருக்கும் வீட்டில் குடையைப் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டிருந்த நேரம், சாயங்காலமானால் மண்டியின் சிமெண்டு மேடையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அ என்று கற்றுக்கொண்டது அம்மாவுக்காகவும் இல்லை, அணிலுக்காகவும் இல்லை. எலுமிச்சைச் சாறு காய்ந்து வெளுத்த விரல்களால் ஆளுக்கொரு சாக்பீஸைப் பிடித்து, அல், வா, அல், வா என்று எழுதினார்கள். பேச்சிக்கனி முதல்முறையாகத் தானே அந்தப் போர்டைப் படித்த நாளில், லாலா கடை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றவளை ஒரு சைக்கிள் சுற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்றை எல்லோரும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். நாக்கில் எல்லாம் வந்தது, வயிற்றில் ஒன்றும் வரவில்லை. படித்தவனுக்குப் பசி கூடியது. பாய் கடையில் கூட்டம் இரண்டு மடங்கானதற்கு அதுதான் காரணம்.

உலகம்மாள் படித்தால் ருசிக்கிறாள் என்று தெரிந்த பிறகு தெரு தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. எங்கள் தெருவில் யார் வீட்டில் எது விசேஷமாகக் கொதித்தாலும் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் நின்றுபோயிருந்தது. இப்போது மறுபடியும் வந்தது. சொதி வந்தது, உளுந்தங்களி வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது, நோன்புக் கஞ்சி வந்தது. "ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, மதினி படிக்கட்டும்" என்று ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் சுடச்சுடப் படம் எடுத்து, சொல்லை அடைத்து, உப்பு காரம் பார்த்து, அவள் கட்டிலுக்கு எதிரே திரையைத் திருப்பி வைப்பேன். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே. அதனால் அந்தச் சொல்லை ஒரு சின்னத் தாளில் அச்சடித்து, மடித்து, கழுவிய கிண்ணத்துக்குள் போட்டுக் கொடுப்போம். சில வீடுகளில் அந்தத் தாள்களை உப்பு ஜாடிக்குள் வைத்துக்கொண்டார்கள். குழம்பு வைக்க முடியாத நாளில் வெறும் சோற்றோடு அதைப் பிரித்துப் படித்தார்கள்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடம்பு தெளியவில்லை. இன்னொரு மழைக்காலமும் போய் மாசி பிறந்தபோது டைப் அடிப்பது நின்றது, குழாயில் ஊற்றுவதில் பாதி வெளியே வந்தது. ஒரு மத்தியானம் ஆட்டுக்கால் பாயா என்று ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாம் தொட்டுக்கிடுததாவே இருக்கு. ஒருநாளாவது சோறு போடுங்களேன்" என்றாள்.

சோறு எனக்கு வரவில்லை. அல்வாவுக்கு மினுக்கம் இருக்கிறது, குழம்புக்கு நிறம் இருக்கிறது, வறுவலுக்குச் சொரசொரப்பு இருக்கிறது. சோற்றுக்கு என்ன இருக்கிறது? வெள்ளை. முதலில் செய்ததைப் படித்துவிட்டுப் பஞ்சு என்றாள். மினுக்கம் சேர்த்தேன், பிளாஸ்டிக் பை வாடை அடிக்கிறது என்றாள். நிழல் போட்டேன், புளித்த பழையது என்றாள். நிறத்தைக் கூட்டினேன், ரேஷன் அரிசி. தெரு முழுக்க யோசனை சொன்னது. பட்டாணி பாய் தன் பெரிய பிரியாணித் தேக்சாவையே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, சோறு என்றால் மூடியைத் திறந்த அந்த நிமிஷம்தான் என்று, என் கேமராவுக்கு முன்னால் திரும்பத் திரும்ப மூடியைத் திறந்து காட்டினார். லென்ஸில் ஆவி படிந்ததுதான் மிச்சம். வாத்தியார் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, எழுத்து தடிமனாக இருக்கிறது என்றார். அவளைப் பார்த்தால் நாள் அதிகம் இல்லை என்று எல்லோருக்குமே தெரிந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவளேதான் சொன்னாள். "கல்லுல செதுக்குன மாதிரி ஒரு கட்டியா வச்சா அது சோறா? பருக்கை பருக்கையா இருக்கணும்லா?"

அதன் பிறகு நான் எல்லா அலங்காரத்தையும் கழற்றிவிட்டேன். ஒரு பிடி சோற்றைக் கறுப்புத் துணியில் உதிர்த்து, ஒவ்வொரு பருக்கையையும் தனியாகப் படம் எடுத்து, தனியாக வெட்டி, எழுத்தின் கோட்டில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று முறிந்திருக்கும், ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும். நிழல் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்கு, நூலிழைபோல. சோறு என்று எழுதி முடித்துத் திரையைத் திருப்பி வைத்தேன். அவள் படித்தாள். நாக்கை அண்ணத்தில் தட்டிப் பார்த்தாள்.

"சோறுதான்" என்றாள்.

"பொறவு என்ன?"

"ஒரு வாய் வருது. அத்தோட நின்னுருது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "சோறுன்னு எழுதுனா அது பேரு. பேரைப் படிச்சா வயிறு ரொம்புமா? யாராவது வந்து கேக்கணும். கேட்டு, போடணும்."

நான் மண்டி மேடைக்குப் போய், பாடம் நடந்துகொண்டிருந்த இடத்தில் நின்று, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பேச்சிக்கனி எழுந்து கரும்பலகையை நோக்கிப் போனாள். வாத்தியார் சாக்பீஸை நீட்டினார். அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைச் சாய்த்துப் பார்த்து, எழுதினாள். சாப்ட்டீளா மதினி. அன்று ஓடிப்போனவள் இன்று அதை எழுதிவிட்டு ஓடாமல் நின்றாள்.

மற்றவர்களும் எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் தாளில் எழுதிக் கொண்டுவந்தார்கள், தெரியாதவர்கள் வாத்தியாரிடம் சொல்லி எழுதி வாங்கினார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், லாலா கடைக்காரர், கேக்கால் பெயர் எழுதப்பட்ட பேக்கரிக்காரர் மகள், சர்க்கரை நோயாளிகள், ராஜபாளையம் பஸ்ஸின் கண்டக்டர்கூட. அவரவர் அவளை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே. சாப்ட்டாச்சா அக்கா. என்ன தாயி, சாப்ட்டியா. சாப்பிட்டீங்களா டீச்சர், இது முன்பு அவளிடம் டைப் படித்த ஒரு பிள்ளை எழுதியது. இன்னும் சாப்பிடலியாம்மா, மணி என்ன ஆகுது. பட்டாணி பாய் எழுதியது எல்லாவற்றிலும் நீளம்: "தங்கச்சி சாப்ட்டியாம்மா, இல்லேன்னா இரு, எல இப்ப வந்துரும்."

அத்தனையையும் நான் பருக்கையால் எழுதினேன். ஒரே பருக்கையை நகல் எடுத்துத் தெளித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அப்படிச் செய்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் தெருவே வீட்டுக்கு ஒரு பிடி சோறு கொண்டுவந்தது. பொன்னி, அம்பாசமுத்திரம் பச்சரிசி, ரேஷன் அரிசி, பாயின் சீரகச் சம்பா எல்லாம் அதில் கலந்தன. உலகம்மாள் கட்டிலில் படுத்தபடி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. அவளும் கேட்கவில்லை, பந்தியில் உட்கார்ந்தவள் பரிமாறுகிறவனை அவசரப்படுத்தாததுபோல.

தென்காசிக்கு அனுப்பி, கிடைத்ததிலேயே பெரிய அளவில் அச்சடித்து வாங்கினோம். விடியற்காலையில் மண்டிக்காரர்கள் ஏணி வைத்து எதிர்ச் சுவர் முழுக்கக் கட்டினார்கள். கட்டியவர்கள் அதைப் படிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டே முடிச்சுப் போட்டார்கள். முதல் இலை மதினிக்கு என்று யாரோ சொன்னார்களாம். அது பரவி, அன்று காலை மண்டித் தெருவில் நடந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எலுமிச்சை லாரி டிரைவர்கள் கூட அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டார்கள். வாத்தியார் குடையோடு வந்தார்.

நானும் பேச்சிக்கனியும் உலகம்மாளைத் தாங்கிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தோம். வாசலைப் பேச்சிக்கனி முன்பே தெளித்து வைத்திருந்தாள். உலகம்மாள் முதலில் போர்டு முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள், இலையில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல. பிறகு மேல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. வலது கை மடியில் லேசாகக் குவிந்து, ஒவ்வொரு வரி முடியும்போதும் கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தது. வெயில் சுவரில் ஏறி வந்தது. தெருவில் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்வதுபோல இருந்தார்கள். யாரும் எதையும் செய்யவில்லை. நடுவில் பாயின் வரிக்கு வந்தபோது ஒரு தடவை நிறுத்தி, விக்கல் எடுத்தவள்போல நெஞ்சைத் தடவிக்கொண்டு, மறுபடியும் தொடர்ந்தாள். அறுத்த தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். ஒரு வரியையும் அவள் தாண்டவில்லை. கடைசி வரி பேச்சிக்கனியுடையது, அதைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதைப் படித்து முடித்து உலகம்மாள் பின்னால் சாய்ந்தாள். நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது, சுடுசோறு சாப்பிட்டவர்களுக்கு வருவதுபோல. பேச்சிக்கனி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் பார்க்க, வாயால் கேட்டாள்.

"சாப்ட்டீளா மதினி?"

"சாப்ட்டேன் பேச்சி" என்றாள் உலகம்மாள். "வயிறு ரொம்பச் சாப்ட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாம் நல்லா இருந்துச்சு. உப்புதான் போட மறந்துட்டீய" என்றாள். "கை கழுவக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது பேச்சிக்கனி தரையில் உட்கார்ந்திருந்தாள். தெரு அப்படியே நின்றிருந்தது. உலகம்மாள் கண்ணை மூடியிருந்தாள். வலது கை நாற்காலியின் கைப்பிடிக்கு வெளியே, சேலையில் பட்டுவிடாமல், விரல்களைச் சேர்த்துத் தனியாகப் பிடித்தபடி இருந்தது, எச்சில் கையை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் பிடிப்பதுபோல. நான் செம்பைச் சாய்த்து அந்தக் கையைக் கழுவிவிட்டேன். விரலிடுக்கிலும் கழுவினேன். தண்ணீர் கொஞ்சம் வெண்மையாக வாசலில் ஓடியது.

அன்று மண்டித் தெருவில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுத் தெருவில் வைப்பதுமில்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்கள் சுவரைப் பார்த்து நின்று, ஒவ்வொருவராகப் படித்தார்கள். அன்று யாரும் பசியோடு படுக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பின் நான் செய்த எழுத்துகளில் ருசி வரவில்லை. பழைய போர்டுகளில் இருந்தது வெயிலில் நிறத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பாய் கடையில் இப்போது லைட் எரிகிற போர்டு இருக்கிறது. மண்டி மேடையில் பாடம் நடக்கிறது, பேச்சிக்கனிதான் நடத்துகிறாள். வாசலில் யாராவது என்னைப் பார்த்தால், சாப்ட்டீளா அண்ணாச்சி என்று கேட்காமல் போவதில்லை.

அந்தப் பெரிய ஃபிளெக்ஸை மண்டிக்காரர்கள் அவிழ்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்துவிட்டது, அதை எடுத்து எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி தொட்டியின் மேல் இழுத்துக் கட்டினேன். குழாயைத் திறந்தால் தண்ணீரில் இன்றைக்கும் லேசாக வடிகஞ்சி வாசம் வருகிறது. அதைச் செம்பில் பிடித்துக் குடிக்கும்போது உப்பு மட்டும் நான் போட்டுக்கொள்கிறேன்.